தடைக்காலம்

மே முப்பத்தொன்று. தேங்காய்ப்பட்டணம் துறைமுகம்.
கடைசி விசைப்படகு, கடைசிச் சுறா.
ஈரத் தரையில் உடல் ஒரு பக்கமும்
வால் ஒரு பக்கமுமாகக் கிடந்தது.
யாரும் வெட்டவில்லை, வளர்த்தியே அப்படி:
முந்நூற்று இரண்டு சென்டிமீட்டரில்
நூற்று ஐம்பத்தொன்று வரைதான் மீன்,
மீதி வால்.
மத்திக் கூட்டத்தை அந்தச் சாட்டையால் விளாசி
மயங்கியதைத் தின்னுமாம்.
படிவத்தில் எழுதினேன்:
நெடுவால் சுறா. பெண். நீளம். எடை.

குட்டி என்ற கட்டத்துக்கு
ஸ்தனிஸ்லாஸ் கத்தியை எடுக்கும்வரை காத்திருந்தேன்.
இரண்டு.
அறுபத்தெட்டு, எழுபது.
உள்ளேயே, தாய் அனுப்பிக்கொண்டிருந்த முட்டைகளைத் தின்று
வளர்ந்தவை.
கண் திறந்திருந்தது.

"சத்தமே போடாத சீவனாக்கும், அளவுக்காரி.
தூண்டில்ல கெடந்து துள்ளும்போதும்
நம்ம மூச்சுதான் கேக்கும்.
தண்ணிய விட்டு ஏத்துற அந்த ஒரு நிமிசம்
முதுகு நல்ல நீலம்.
கரைக்கு வாறதுக்குள்ள சாம்பலாயிரும்.
ஒங்க மலையில ஒரு குருவி விசிலடிக்குமாமே,
அது கிலோ என்ன வெல?"

இரண்டு பேருந்து மாறினால் கீரிப்பாறை.
என் துப்பட்டாவில் மீன்வாடை,
அவர் சட்டையில் புளித்த ரப்பர் பால்.
பதினோரு வருஷமாக ஒரே கொடியில் காய்கின்றன.

ஜூனில் மழை பிடித்தது.
படகுகள் கட்டிக்கிடக்கும் அறுபத்தொரு நாளும்
எனக்குச் சம்பளமில்லை.
சீகாரப் பூங்குருவிக்கு அதுதான் வேலைநாள்.
அதிகாலை நாலரை.
பாதி தெரிந்த மெட்டை
சைக்கிள் மிதித்தபடி ஊதுகிறவன் மாதிரி
ஏறுகிறது, தடுமாறுகிறது,
நினைத்த இடத்தில் இறங்காமல் வேறெங்கோ இறங்குகிறது.
ஓடை அந்த இரைச்சல் இரைகிறது.
அதற்கு மேலே கேட்டாக வேண்டும்.

சும்மா இருக்கும் கை
ஒன்றை ஒன்றோடு வைத்து அளக்கும்.

இதற்கு எலும்பு, உள்ளே காற்று.
அதற்கு எலும்பே கிடையாது, வெறும் குருத்து.
விழுந்துவிடாமலிருக்க இது காற்றை வைத்துக்கொண்டது,
மூழ்கிவிடாமலிருக்க அது
ஈரல் நிறைய எண்ணெயை.
பம்பு அறை உத்தரத்தில் எட்டிப் பார்த்தேன்,
முட்டை இரண்டு.
கணக்கு ஒத்துவந்தபோது
எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.
(வெள்ளிக்கிழமை ஒன்றைச் சாரை கொண்டுபோனது.
அதன்பிறகு ஒத்துவரவில்லை.
அதுவும் பிடிக்கவில்லை.)

அதற்குக் காது உண்டு.
எங்கோ ஒரு மீன் அடிபட்டுத் துடிப்பது
கேட்டுத் திரும்பும்.
கேட்டதைச் சொல்ல வழியில்லை.
இது சொல்லிக்கொண்டே இருக்கிறது.
'இந்த ஓடை என்னுடையது' என்பதாக இருக்கலாம்.
ரப்பர் கழகத்துக்குத் தெரிந்தால்
குடியிருப்பு வாடகை பிடிப்பார்கள்.

ஒருநாள் வெயில் எட்டிப் பார்த்தது.
அளவு நாடாவைச் சோப்புப் போட்டுக் கழுவிக்
கொடியோடு கொடியாக இழுத்துக் கட்டினேன்.
வாடை போகவில்லை.

அது வந்து உட்கார்ந்தது.
கறுப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
திரும்பியபோது
தோளில் வெயில் பட்டது:
நீலம்.

கரையில் நிற்கிற எனக்கு
எந்தச் சுறாவிலும் கிடைக்காத அந்த ஒரு நிமிடம்,
இங்கே
கொடியில் கால் மாற்றிக்கொண்டு.

நூற்று ஐம்பத்தொன்றில், உடல் முடிந்து
வால் தொடங்கிய அதே கோட்டில்
உட்கார்ந்தது என்று எழுத ஆசைதான்.
நூற்று நாற்பத்தெட்டு.
அளவுக்காரி பொய் எழுதக்கூடாது.

பாடவில்லை.
காட்டுப்பழ விதையோடு
ஊதா நிறத்தில் எச்சமிட்டுப் போனது.
தேய்த்துப் பார்த்தேன்.
நாற்பத்தாறிலிருந்து ஐம்பது வரை எண்கள் தெரியவில்லை.

ஆகஸ்டில் எந்தச் சுறாவாவது
அந்த இடத்தில் வந்து முடிந்தால்
குத்துமதிப்பாகத்தான் எழுத வேண்டும்.